பன்னிரண்டு மணிக்குப் பர்த்தி

கடல் தாண்டி அலிபாகுக்கு நான்கு பிள்ளைகளோடு போய் ஒரு ராத்திரி தங்கப் போகிறோம் என்றதும், தாராவியில் எங்கள் சந்தில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: எப்படிச் சமாளிப்பாய்? நான்கு பிள்ளைகளையும் ஒரே வேலையாகப் பார்ப்பவர்களுக்கு அந்தப் பயம் வரும். குர்லாவில் நான் சூப்பர்வைசராக இருக்கிற தையல் கம்பெனியில் ஒரு சட்டை எட்டு மிஷின்களைத் தாண்டித்தான் வெளியே வருகிறது. காலருக்கு ஒருவர், கைக்கு ஒருவர், பட்டனுக்கு ஒருவர். மற்ற ஏழு பேர் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் காலரில் தேங்கினால் சட்டை வராது. எங்கே தேங்கும் என்று முன்னாலேயே கண்டுபிடித்து அங்கே போய் நிற்பதுதான் என் வேலை.

எங்கள் வீட்டில் தேங்குகிற இடம் ரெட்டைப் பிள்ளைகள். எட்டு மாதம் ஆகிறது, இரண்டும் பையன்கள். மூத்தவனுக்கு என் மாமனார் பெயர், சுயம்பு. நான்கு நிமிஷம் இளையவனுக்கு என் அப்பா பெயர், சுடலைக்கண்ணன். மாமனார் பெயரை மருமகள் எழுதலாம், வாயால் சொல்லக் கூடாது. அதனால் மூத்தவனை நான் ‘மாமா’ என்று கூப்பிடுகிறேன். என் அப்பா பெயரைச் சொல்லி அதட்ட என் வீட்டுக்காரர் இசக்கிதுரைக்குக் கூச்சம். அவர் இளையவனை ‘மாமா’ என்கிறார். ஆக எங்கள் வீட்டில் “மாமா அழுதாரு” என்று சத்தம் வந்தால், சொன்னது யார் என்று பார்த்தபிறகுதான் அழுதது யார் என்று தெரியும்.

ரெட்டைப் பிள்ளைகளில் ஒருவன் விழித்தால் மற்றவனையும் எழுப்பிவிட வேண்டும். தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற பாவி என்று பக்கத்து வீட்டு அகிலாண்டம் அக்கா என்னைத் திட்டுவார். ஆனால் கணக்கு எளிது. ஒருவனுக்குப் பத்து மணிக்கும் மற்றவனுக்குப் பதினொன்றரைக்கும் பசித்தால், நாள் முழுவதும் யாராவது ஒருவன் மடியில் இருப்பான். இரண்டு பேரையும் சேர்த்து எழுப்பி, சேர்த்துப் பால் கொடுத்து, சேர்த்துத் தூங்க வைத்தால் நடுவில் ஒன்றரை மணி நேரம் கை காலியாகும். எங்கள் வீடு நடப்பதே அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான்.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் சோறு ஆகிவிடும், துணி காய்ந்துவிடும், ஐந்து வயது ஹரிக்குப் பல் தேய்த்துவிடலாம். மூத்தவள் முத்துமாரிக்கு மட்டும் ஒன்றும் மிஞ்சவில்லை. அவளுக்கு எட்டு வயது. பிறந்தநாளுக்கு ராணி பாக் மிருகக்காட்சி சாலைக்குப் போய்ப் பெங்குவின் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன். அன்று ரெட்டையர்களுக்குக் காய்ச்சல். தீபாவளித் துணி எடுக்க மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு நாம் இரண்டு பேரும் போகலாம் என்றேன். அவள் அப்பாவோடு போக வேண்டியதாயிற்று. பள்ளி ஆண்டு விழாவில் நான் போய்ச் சேரும்போது அவள் நடனம் முடிந்து, வேஷத்தைக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

முன்பெல்லாம் மாரி ஒன்றைக் கேட்டால் கிடைக்கும்வரை விடமாட்டாள். பென்சிலுக்கே அரை நாள் வாதாடுவாள். இப்போது நான் வாயைத் திறக்கும் முன்பே “இட்ஸ் ஓகே மம்மி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். எல்லோரும் அவளைப் பொறுப்பான பிள்ளை என்கிறார்கள். எனக்கு அது பொறுப்பாகப் படவில்லை. கேட்டால் கிடைக்காது என்று கற்றுக்கொண்ட பிள்ளை கேட்பதை நிறுத்துகிறது. எட்டு வயதில் கேட்பதை நிறுத்துபவள் பதினெட்டில் எதையும் சொல்லவும் மாட்டாள். பிரசவ லீவு முடிந்து பிப்ரவரி இரண்டாம் தேதி நான் வேலைக்குத் திரும்புகிறேன். அதற்குள் இதைச் சரி செய்ய வேண்டும்.

ஒரு நாள் அவள் பள்ளிப் புத்தகத்தை ஹரிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அலிபாகில் கடலுக்குள் ஒரு கோட்டை. தண்ணீர் இறங்கும்போது கரையிலிருந்து நடந்தே போகலாம் என்று அவனிடம் விளக்கினாள். என்னிடம் சொல்லவில்லை. நானே போய், “நாம ரெண்டு பேரு மட்டும் அங்கன நடந்து போவோம்” என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை பாவுச்சா தக்கா துறையில் கப்பல் ஏறினோம். பயணத்தில் ஒரு குறையும் இல்லை. பவுடரும் பாட்டிலும் வைத்த பால் பைகள் இரண்டு, அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒன்று தொலைந்தாலும் ஒன்று இருக்கும். ஒரு பிள்ளை அவர் நெஞ்சில், ஒன்று என் நெஞ்சில். ஹரியின் கையில் ஒரு வாளி கொடுத்துவிட்டேன். கையில் பொருள் இருக்கிற பையன் ஓட மாட்டான், பொருள் விழுந்துவிடும் என்று பயப்படுவான். மாண்ட்வாவில் இறங்கி பஸ்ஸில் அலிபாக் போய், சவுக்குத் தோப்பு ஓரமாக ஒரு வீட்டில் அறை எடுத்தோம். அந்த வீட்டு அம்மாவுக்கு மராத்தி. என்னோடு இந்தியில் பேசினார். நாளைக்குக் கோட்டைக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன். பன்னிரண்டு மணிக்குப் பர்த்தி என்றார்.

எனக்கு அந்த வார்த்தை நன்றாகத் தெரியும். குர்லாவில் வொர்க்‌ஷாப் வாசல்களில் ஆள் எடுக்கும்போது பர்த்தி என்றுதான் போர்டு வைப்பார்கள். ஹரியைப் பள்ளியில் சேர்த்தபோது பர்த்தி. பிரசவத்துக்கு என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் பர்த்திதான். ஆக பன்னிரண்டு மணிக்குக் கோட்டைக்குள் ஆள் விடுகிறார்கள்; அப்படியானால் அதற்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். நான் இதை இசக்கிதுரையிடம் விளக்கிச் சொன்னபோது மாரி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதையும் பன்னிரண்டு மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். பதினொன்றரைக்குப் பால் கொடுத்தால் பன்னிரண்டுக்குத் தூங்குவார்கள். போய்வர ஒன்றரை மணி நேரம். நாலு மணிக் கப்பலைப் பிடிக்க மூன்றுக்குக் கிளம்பலாம். ஒரு நிமிஷம் பிசகவில்லை. இரண்டு மாமாக்களும் சவுக்கு நிழலில் விரிப்பில் தூங்கினார்கள், ஹரியையும் வைத்துக்கொண்டு இசக்கிதுரை காவலுக்கு உட்கார்ந்தார், நானும் மாரியும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினோம்.

கோட்டை நின்றது. அதற்கும் எங்களுக்கும் நடுவே முழுக்கக் கடல். கோட்டைச் சுவரின் கீழ்வரிசைக் கல்லில் அலை மோதிக்கொண்டிருந்தது.

கரையில் குதிரை வண்டிகள் சும்மா நின்றன. வண்டிக்காரர் ஒருவரிடம் போய், பன்னிரண்டு மணிக்குப் பர்த்தி என்றார்களே என்று கேட்டேன். ஆமாம், இதுதான் பர்த்தி என்று கடலைக் காட்டினார். நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, கையைக் கிண்ணம்போலக் குவித்து மெல்ல உயர்த்தினார். தண்ணீர் நிறைவது பர்த்தி. கையைத் தாழ்த்தினார். வடிவது ஓஹோட்டி. நீங்கள் ஓஹோட்டியைக் கேட்டிருக்க வேண்டும் என்றார்.

அவமானமாக இருந்தது. ஆனாலும் அந்த இடத்திலேயே ஒன்று புரிந்து கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. வார்த்தை என்னை ஏமாற்றவில்லை. பள்ளியில் இடம் நிறைவதும் ஆஸ்பத்திரியில் கட்டில் நிறைவதும் கடல் நிறைவதும் ஒரே வார்த்தைதான். எது நிறைகிறது என்று நான்தான் கேட்கவில்லை. இதை மாரியிடம் சொல்லத் திரும்பினேன்.

“எனக்குத் தெரியும்,” என்றாள். “பர்த்தி, ஓஹோட்டி. டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க.”

“பின்ன ஏன் மக்ளே நேத்தே சொல்லல?”

அவள் செருப்பை மணலில் போட்டு மாட்டிக்கொண்டாள். “எப்படியும் போகமாட்டோம்லா. அதான் சொல்லல.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மழை பெய்கிறது என்பதைப்போலச் சொன்னாள். நான் பயந்திருந்தது இதற்குத்தான், ஆனால் இது இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நினைக்கவில்லை. கோட்டைக்குப் போகும் நேரத்தை மாற்றும் வார்த்தை அவள் கையில் இருந்திருக்கிறது. பிரயோஜனம் இல்லை என்று சொல்லாமல் விட்டிருக்கிறாள்.

வண்டிக்காரரிடம் திரும்பிப் போய் முழுக்க விசாரித்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். நிறைந்த கடல் வடிய ஆறு மணி நேரம் ஆகும். ஆனால் ஒரே வேகத்தில் வடியாது. முதல் மணி நேரம் அசைந்தது தெரியாது. மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் ஓடும். கடைசியில் மறுபடி மெதுவாகிவிடும். மாடிப்படியில் சைக்கிளை இறக்குகிறவரைப்போல, நடுவில்தான் வேகம் என்று நான் மனதில் எழுதிக்கொண்டேன். நாலு மணிக்குள் முக்கால்வாசி வடிந்துவிடும். நாலரைக்குக் கணுக்கால் தண்ணீரில் நடக்கலாம். ஆறு மணிவரை இறங்கிக்கொண்டேதான் இருக்கும், ஆக போகும்போதும் பயமில்லை, வரும்போதும் பயமில்லை.

நிழலுக்குப் போய் இசக்கிதுரையிடம் சொன்னேன். அவர் மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலில் தோசை மாஸ்டர். திங்கட்கிழமை காலை ஆறுக்குக் கல்லைப் பற்ற வைக்க வேண்டும்.

“ஏட்டி, நாலு மணிக்குக் கப்பல். நீ நாலரைக்குக் கோட்டைக்குப் போனா கப்பல்காரன் உனக்காவ நிப்பானா?”

கப்பல் போகட்டும், ஆறரைக்குப் பன்வேலுக்கு பஸ் இருக்கிறது, அங்கிருந்து குர்லாவுக்கு ரயில் என்றேன். ரெட்டைப் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயிலா என்று அவர் தலையில் கை வைத்தார். பன்வேல்தான் ரயில் கிளம்புகிற இடம், உட்கார இடம் கிடைக்கும், பையில் இன்னும் இரண்டு வேளைப் பால் பவுடரும் ஒன்பது டயப்பரும் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். உண்மையான பயம் பிறகுதான் வந்தது. ஒன்றரை மணி நேரம் மூன்று பிள்ளைகளோடு அவர் தனியாக இருந்ததே இல்லை. விழித்துவிட்டால் என்ன செய்வேன் என்று கேட்டார்.

“ஒரே கல்லுல எட்டுத் தோசைய வார்க்கிய. ரெண்டு பிள்ளைய பாத்துக்கிட முடியாதா?”

“தோசை அழாதுலா.”

“மாரியும் அழ மாட்டேங்கா,” என்றேன். “அதான் நான் போணும்.”

அவர் மாரியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தூரத்தில் ஹரியின் வாளியில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். சரி, பாட்டிலில் எத்தனை கரண்டி பவுடர் என்று கேட்டார்.

பிறகு ரெட்டையர்களின் நேரத்தைத் தள்ளினேன். பிள்ளைகளின் நேரத்தை இழுக்க முடியாது, தள்ள முடியும். ஒன்றரைக்கு விழித்ததும் ஈர மணலில் உட்கார வைத்தோம். புது இடமும் காற்றும் இருந்தால் எட்டு மாதப் பிள்ளை பசியை அரை மணி நேரம் மறக்கும். இளையவன் மண்ணைத் தின்னப் பார்த்தான். மூத்தவன் ஒவ்வொரு அலைக்கும் யாரோ கதவைத் தட்டியதைப்போலத் திரும்பினான். வெயில் ஏறியதும் நிழலுக்குத் தூக்கி வந்து, மூன்றரைக்குக் குளிப்பாட்டி, வயிறு நிறையப் பால் கொடுத்தேன். நாலே காலுக்கு இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள்.

நாலரைக்குக் கடல், கழற்றிப் போட்ட துணிபோல, தூரத்தில் கிடந்தது. கோட்டைவரை மணலும் பாறையும் சிறு சிறு தண்ணீர்க் குட்டைகளும். மத்தியானம் சும்மா நின்ற குதிரை வண்டிகள் போய்வந்துகொண்டிருந்தன. சுடிதாரை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு மாரியின் கையைப் பிடித்தேன். பாசி பிடித்த கல்லில் குதிகாலை ஊன்றக் கூடாது, பாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும் என்று காட்டினேன். அவள் அப்படியே செய்தாள். இரண்டு முறை திரும்பிச் சவுக்குத் தோப்பைப் பார்த்தாள். அங்கிருந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

பாதியில் ஒரு பள்ளத்தில் தண்ணீர் அவள் முழங்காலைத் தொட்டது. நின்றுவிட்டாள்.

“திரும்பி வந்துருமா?”

ஆறு மணிவரை வராது என்றேன். ஏன் என்று கேட்டாள். நிலா இழுக்கிறது என்றேன். இன்றைக்கு நிலாவே இல்லையே என்றாள். அமாவாசை அன்று நிலா இல்லாமல் போவதில்லை, சூரியன் பக்கமே நிற்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டும் சேர்ந்து இழுப்பதால்தான் இன்றைக்குக் கடல் இவ்வளவு ஏறி இவ்வளவு இறங்குகிறது என்றேன். அப்படியானால் நம்மை ஏன் இழுக்கவில்லை என்று கேட்டாள். இழுக்கத்தான் செய்கிறது, நாம் சின்ன ஆள், கடல் பெரிய ஆள் என்றேன். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் எட்டு மாதத்தில் அவள் என்னிடம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்ட மூன்று கேள்விகள் அவை.

ஐந்து மணிக்குக் கோட்டைச் சுவரைத் தொட்டோம். கீழ்வரிசைக் கற்களில் சிப்பி ஒட்டி, தடவினால் கை கீறுகிறமாதிரி இருந்தது. எந்த உயரம்வரை சிப்பி இருக்கிறதோ அந்த உயரம்வரை தண்ணீர் வரும் என்று காட்டினேன். கோடு மாரியின் தலைக்கு மேலே இருந்தது. அவள் எம்பிக் கையை நீட்டிப் பார்த்தாள். அப்போதுதான் என் போன் அடித்தது.

“மாமா முழிச்சிட்டாரு,” என்றார் இசக்கிதுரை. பின்னால் அழுகை கேட்டது.

சொன்னது அவர், ஆகவே விழித்தது இளையவன். நான் அதை யோசித்து முடிப்பதற்குள் மாரி திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. சுவரிலிருந்து கையை எடுத்தாள், கரையைப் பார்த்துத் திரும்பினாள், நடந்தாள். நாலைந்து எட்டு வைத்துவிட்டாள். முகத்தில் ஏமாற்றம்கூட இல்லை.

நான் போய் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன். அவள் காதில் விழும்படி போனில் பேசினேன்.

“முழிச்சா தூக்குங்க. மத்தவரையும் எழுப்பிருங்க, அப்பந்தான் ரெண்டு பேரும் ஒண்ணா அடங்குவாவ. பால் பை உங்கட்டதான் இருக்கு. நாங்க இனிமேத்தான் உள்ள போறோம்.”

“அழுதாவ, ஏட்டி.”

“அழட்டும். நீங்க இருக்கியள்லா.”

போனைப் பைக்குள் போட்டேன். நெஞ்சில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. பிள்ளை அழுதால் உடம்பு கேட்டுவிடும், அதற்குக் கோட்டையும் தெரியாது கடலும் தெரியாது. அது பாட்டுக்கு வலிக்கட்டும் என்று விட்டேன். மாரி என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நெஜமாவே உள்ள போறோமா?”

“வாசல் தொறந்துதான கெடக்கு.”

இன்னும் அரை மணி நேரத்தில் பூட்டிவிடுவேன் என்று வாசலில் இருந்தவர் சொன்னார். மாரி என் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினாள். உள்ளே ஒரு பிள்ளையார் கோயிலும் படிக்கட்டு வைத்த ஒரு குளமும் இருந்தன. சுற்றிலும் கடல், நடுவில் நல்ல தண்ணீர். அது எப்படி என்று கேட்டாள். மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு, மண்ணுக்குள்ளே போனாலும் உப்புத் தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ருசி பார்க்க வேண்டும் என்றாள். வேண்டாம், பாசி என்றேன். ஒரு சொட்டு என்றாள். அரை சொட்டு என்றாள். விரலை நனைத்து முகர்ந்து மட்டும் பார்ப்பேன் என்றாள். நான் முடியாது முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று இருந்தது.

ஐந்தரைக்குத் திரும்பினோம். போகும்போது முழங்காலைத் தொட்ட பள்ளத்தில் இப்போது தண்ணீர் அவள் கணுக்கால்வரைதான் இருந்தது. அவள் அதைக் கவனித்து, தானே காரணத்தைச் சொல்லிக்கொண்டாள். ஒரு குதிரை வண்டி எங்களைத் தாண்டிப் போனது. அதில் ஏற வேண்டும் என்றாள். நடந்து போவதாகத்தானே பேச்சு என்றேன். போவதற்குத்தான் அந்தப் பேச்சு, வருவதற்கு இல்லை என்றாள். அதற்குள் வண்டி தூரம் போய்விட்டது.

“அப்ப நெக்ஸ்ட் டைம்,” என்றாள். “நெக்ஸ்ட் டைம்னா எப்போ? தேதி சொல்லு.”

நான் நடந்துகொண்டே கணக்குப் போட்டேன். கடல் ஒரு நாளைக்கு ஐம்பது நிமிஷம் பின்தங்குகிறது. பதினான்கு நாளில் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம், அதாவது ஒரு முழு ஏற்ற இறக்கம். ஆக அமாவாசைக்கு என்ன நேரமோ பௌர்ணமிக்கும் அதே நேரம். காலையில் வந்து அன்றைக்கே திரும்பிவிடலாம். மறுநாள்தான் எனக்கு வேலை.

“பிப்ரவரி ஒண்ணு. ஞாயித்துக்கெழம. சாயங்காலம் நாலரை.”

“பக்கா?”

“பக்கா.”

கரையில் இசக்கிதுரை தண்ணீர் ஓரத்துக்கே வந்து நிற்பது தெரிந்தது. இரண்டு இடுப்பிலும் இரண்டு பேர், லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஹரி. அழுகைச் சத்தம் வரவில்லை. மாரி அவர்களைப் பார்த்துக் கையாட்டினாள், ஆனால் வேகத்தைக் கூட்டவில்லை.

“ஹரியும் வரட்டும்,” என்றாள். “ஆனா அவன் கைய நீதான் பிடிக்கணும். எனக்கு ரெண்டு கையும் வேணும்.”

எதற்கு என்று கேட்டேன். வண்டியில் முன்னால், குதிரைக்காரர் பக்கத்தில் உட்கார வேண்டும், கம்பியைப் பிடிக்க இரண்டு கை வேண்டும் என்றாள். வரும்போது வண்டி, போகும்போது நடை. கப்பலில் மேல்தளத்தில் உட்கார வேண்டும். ஹரிக்கு இருக்கிறமாதிரி அவளுக்கும் ஒரு வாளி வேண்டும், நீலத்தில். பெங்குவின் பார்க்கப் போகிறதாகச் சொன்னது இன்னும் பாக்கி இருக்கிறது. ஒவ்வொன்றாக விரல் மடக்கிக்கொண்டே வந்தாள். கரைக்கு வந்தபோது இரண்டாவது கை விரல்களுக்கு வந்திருந்தாள். முடிக்கவில்லை.